டைனமிக் அரே எப்படி வளர வேண்டும்? எழுதிப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பைத்தானின் லிஸ்ட், ஜாவாவின் அரேலிஸ்ட், சி++-இன் வெக்டர், கோ மொழியின் ஸ்லைஸ், ரஸ்ட்டின் வெக். பெயர்தான் ஐந்து, உள்ளே இருப்பது ஒன்றே. அளவு மாறாத ஒரு சாதாரண அரே. அது நிரம்பியதும் இன்னும் பெரிய இடமாகப் பார்த்து வாங்கி, இருப்பதையெல்லாம் அங்கே மாற்றிவிட்டு, பழைய இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் ஒரு சின்ன ஃபங்ஷன். அவ்வளவுதான் மந்திரம்.

"இன்னும் பெரிய" என்றால் எவ்வளவு? இந்தக் கேள்வி வந்தாலே 2 மடங்கா, 1.5 மடங்கா என்ற சண்டை ஆரம்பித்துவிடும். என்னைக் கேட்டால் அது மூன்றாவது கேள்வி. கூட்டி வளர்க்கிறோமா, பெருக்கி வளர்க்கிறோமா என்பது முதல் கேள்வி. எவ்வளவு வரப்போகிறது என்று நமக்கு முன்பே தெரியுமா என்பது இரண்டாவது. இவை இரண்டையும் சரியாகக் கையாண்ட பிறகு காரணி (எத்தனை மடங்காக வளர்க்கிறோம் என்ற எண்) என்னவாக இருந்தாலும் பெரும்பாலான நிரல்களுக்கு வித்தியாசமே தெரியாது. சிலவற்றுக்குத் தெரியும். அவை எவை என்பதையும் பார்ப்போம்.

ஏதாவது ஒரு மொழியில் லூப் எழுதத் தெரிந்தால் போதும். நிரல் வரிகளைத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். உங்கள் மொழிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: மூன்று விவரங்களைத் தனித்தனியாக வையுங்கள்

டைனமிக் அரேக்கு மூன்று விவரம் வேண்டும்: இடம் (மெமரியில் எங்கே தொடங்குகிறது), நீளம் (எத்தனை உறுப்பு இருக்கிறது), கொள்ளளவு (எத்தனை உறுப்புக்கு இடம் வாங்கி வைத்திருக்கிறோம்). வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நீளம்தான் தெரிய வேண்டும். கொள்ளளவு நம் உள்வீட்டு விஷயம்.

```
சேர்(அரே, மதிப்பு):
    அரே.நீளம் = அரே.கொள்ளளவு என்றால்
        வளர்(அரே, அரே.நீளம் + 1)
    அரே.இடம்[அரே.நீளம்] ← மதிப்பு
    அரே.நீளம் ← அரே.நீளம் + 1
```

இந்த நான்கு வரிக்கு மேல் "சேர்" என்பதில் எதையும் போடாதீர்கள். நிரம்பும்போதெல்லாம் இடத்தை இரட்டிப்பாக்கினால், லட்சம் முறை சேர்த்தாலும் "வளர்" பதினேழு முறைதான் கூப்பிடப்படும். அதனால் சேர்ப்பது சின்னதாக, கம்பைலர் அதைக் கூப்பிடும் இடத்திலேயே விரித்துப் போடும்படி இருப்பது நல்லது. கனமான வேலையெல்லாம் "வளர்" பக்கம் போகட்டும்.

படி 2: கூட்டி வளர்த்தால் என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்

முதலில் தோன்றும் யோசனை, நிரம்பியதும் ஒரே ஓர் இடம் கூட்டுவது. 10 லட்சம் எண்களை இப்படிச் சேர்த்தால், இரண்டாவது எண் வரும்போது 1 நகல், மூன்றாவதுக்கு 2 நகல் என்று போய், மொத்தம் சுமார் 50,000 கோடி நகல். இதை யாரும் தெரிந்தே செய்வதில்லை.

தெரிந்தே செய்வது அடுத்தது: "சரி, ஒவ்வொரு முறையும் 1000 இடம் கூட்டுவோம்." கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. 10 லட்சம் எண்ணுக்கு 1000 + 2000 + 3000 என்று 9,99,000 வரை கூட்டினால் 49,95,00,000 நகல். கிட்டத்தட்ட 50 கோடி. இன்றைய கணினி அதை ஒரு நொடிக்குள் முடித்துவிடலாம், சோதனையில் யாருக்கும் உறைக்காது. தரவு பத்து மடங்கு, அதாவது 1 கோடி ஆகும்போதுதான் குட்டு வெளிப்படும். நகல் 500 கோடி ஆகாது, 5,000 கோடி ஆகும். தரவு பத்து மடங்கு, வேலை நூறு மடங்கு.

1000-ஐ 10,000 ஆக்கினால் தப்பிக்கலாமா? நகல் பத்தில் ஒன்றாகக் குறையும், ஆனால் தரவு வளர வளர இருபடியாக ஏறும் குணம் அப்படியே இருக்கும். கூடவே, மூன்றே உறுப்பு வைக்க வந்தவரும் 10,000 இடத்துக்கு மெமரி கொடுத்தாக வேண்டும். கூட்டும் எண் எதுவானாலும் ஒரு பக்கம் சின்ன அரேக்களுக்கு அது அதிகம், இன்னொரு பக்கம் பெரிய அரேக்களுக்குப் போதாது.

ஒரு விதிவிலக்கு சொல்லத் தகுந்தது. ரெடிஸ் தன் ஸ்ட்ரிங்குகளை 1 மெகாபைட் வரை இரட்டிப்பாக்கும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் 1 மெகாபைட் மட்டும் கூடுதலாக எடுத்து வைக்கும். மொத்தத் தரவையும் மெமரியிலேயே வைத்திருக்கும் ஒரு தரவுத்தளத்துக்கு, 100 மெகாபைட் ஸ்ட்ரிங்குக்கு இன்னொரு 100 மெகாபைட் சும்மா கிடப்பது நகல் செலவைவிட வலிக்கும். கூட்டல் அங்கே தெரிந்தே எடுத்த முடிவு, மேல் வரம்பு வைத்த முடிவு.

படி 3: பெருக்குங்கள்

கொள்ளளவு 1-இல் தொடங்கி, நிரம்பும்போதெல்லாம் இரட்டிப்பாக்கினால் 10 லட்சம் எண்ணுக்கு 20 முறை வளரும். நகல் 1 + 2 + 4 என்று 5,24,288 வரை. கூட்டினால் 10,48,575. ஐம்பது கோடி எங்கே, பத்தரை லட்சம் எங்கே! 1 கோடிக்குப் போனாலும் 1,67,77,215 நகல்தான். தரவு எவ்வளவு ஏறுகிறதோ, வேலையும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஏறுகிறது.

"ஆனால் அந்த ஒரு தடவை 5 லட்சத்தை நகலெடுக்கிறதே, அது செலவில்லையா?" என்று மாணவர்கள் கேட்பார்கள். சரியான கேள்வி. இதற்குப் பதில் ரூபாய்க் கணக்கில் சுலபம். உள்ளே வரும் ஒவ்வோர் உறுப்பும் 3 ரூபாய் கொடுக்கட்டும். 1 ரூபாய் தன்னை வைப்பதற்கு, 2 ரூபாய் உண்டியலுக்கு. கொள்ளளவு 1024-இல் அரே நிரம்பி நிற்கிறது. முந்தைய முறை 512-இலிருந்து வளர்ந்தபோது உண்டியல் காலியாகியிருக்கும். அதற்குப் பிறகு வந்த 512 உறுப்பும் ஆளுக்கு 2 ரூபாய் போட்டதில் 1024 ரூபாய் சேர்ந்திருக்கிறது. இப்போது நகலெடுக்க வேண்டியதும் 1024 உறுப்புதான். கணக்கு நேர். எந்த அளவிலும் உண்டியல் கடனில் போகாது. ஆக, சராசரியில் ஒரு சேர்ப்புக்கு 3 ரூபாய்க்கு மேல் ஆகாது.

இப்படிச் செலவைப் பரவலாகக் கணக்கிடும் முறைக்கு முறையான வடிவம் கொடுத்தவர் ராபர்ட் டார்ஜன், 1985-இல் வெளியான கட்டுரையில். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இது மொத்தச் செலவைப் பற்றிய உறுதி. ஒரு குறிப்பிட்ட சேர்ப்பு எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதைப் பற்றி இது எதுவும் சொல்வதில்லை. அந்தச் சிக்கலைக் கடைசிப் படியில் பார்ப்போம்.

படி 4: காரணியைத் தேர்ந்தெடுங்கள்

இப்போதுதான் 2-ஆ 1.5-ஆ என்ற கேள்விக்கு வருகிறோம். 1-ஐவிடப் பெரிய எந்தக் காரணியும் மேலே சொன்ன உறுதியைத் தரும். மாறுவது விலை.

| காரணி | ஓர் உறுப்புக்கு அதிகபட்ச நகல் | வளர்ந்த உடனே காலியாக இருக்கும் பங்கு |
|---|---|---|
| 2 | 2 | 50% |
| 1.5 | 3 | 33% |
| 1.25 | 5 | 20% |
| 1.125 | 9 | 11% |

காரணி குறையக் குறைய இடம் மிச்சம், நகல் அதிகம். இதில் எது சரி என்பது அரேக்குள் என்ன இருக்கிறது, நகல் எவ்வளவு மலிவு, மெமரி யார் தருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. நடைமுறையில் உள்ளவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்தால் இது விளங்கும்.

சி++ வெக்டருக்கு இவ்வளவு காரணி என்று மொழியின் தரநிலை சொல்லவில்லை. சராசரிச் செலவு மாறாமல் இருக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ஜிசிசி, கிளாங் ஆகிய இரண்டு கம்பைலர்களின் லைப்ரரிகளும் இரட்டிப்பாக்குகின்றன. மைக்ரோசாஃப்ட் 1.5 எடுக்கிறது. அங்கே ஒன்றொன்றாகச் சேர்த்தால் கொள்ளளவு 1, 2, 3, 4, 6, 9, 13, 19 என்று போகும். ஒரே நிரல் லினக்ஸிலும் விண்டோஸிலும் வேறு வேறு கொள்ளளவு காட்டுவது இதனால்தான். கொள்ளளவை நம்பி டெஸ்ட் எழுதாதீர்கள்.

ஜாவா அரேலிஸ்ட் முதல் உறுப்பு வரும்போது 10 இடம் எடுத்து, பிறகு 15, 22, 33, 49 என்று பாதி பாதியாகக் கூட்டுகிறது. ஜாவாவில் புது அரே எடுத்தாலே அது முழுவதும் பூஜ்யத்தால் நிரப்பப்படும், அதாவது காலி இடமும் உண்மையான மெமரியைத் தின்னும். 1.5 அங்கே பொருத்தமாகவே இருக்கிறது.

பைத்தான்தான் இருப்பதில் கஞ்சம். லிஸ்ட் 0, 4, 8, 16, 24, 32, 40, 52, 64 என்று வளர்ந்து, பெரிய அளவுகளில் எட்டில் ஒரு பங்கு மட்டுமே கூடுதலாக எடுக்கும். அதாவது 1.125. அட்டவணைப்படி 9 நகல் ஆக வேண்டுமே, எப்படித் தாங்குகிறது? இரண்டு காரணம். லிஸ்ட்டுக்குள் இருப்பவை வெறும் 8 பைட் பாயின்டர்கள் (மெமரி முகவரிகள்); பொருள்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். அடுத்து, பைத்தான் ரீயல்லாக் (வாங்கிய இடத்தின் அளவை மாற்றித் தரும் ஃபங்ஷன்) வழியாக வளர்க்கிறது. பக்கத்தில் இடம் இருந்தால் அலோகேட்டர் (மெமரியைப் பங்கிட்டுத் தரும் பகுதி) இருந்த இடத்திலேயே நீட்டிக் கொடுத்துவிடும், நகலே தேவைப்படாது. நீங்களே பார்க்கலாம்: 64 பிட் கணினியில், பைத்தான் 3.9 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில், காலி லிஸ்ட் ஒன்றில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே கெட்-சைஸ்-ஆஃப் கொண்டு அளந்தால் 56, 88, 120, 184, 248 என்று படிப்படியாகத் தாவும். 56 பைட் லிஸ்ட்டின் சொந்தச் செலவு. மீதியை 8-ஆல் வகுத்தால் 4, 8, 16, 24.

கோ மொழி நடுவழியைப் பிடித்தது. முன்பு 1024 வரை இரட்டிப்பு, அதற்கு மேல் 1.25. இதில் ஒரு கோணல் இருந்தது: கொள்ளளவு 1000-இல் நிரம்பினால் 2000 கிடைக்கும், 1024-இல் நிரம்பினால் 1280தான். பெரியவனுக்குச் சின்ன இலை! 1.18 பதிப்பில் இதைத் திருத்தினார்கள். 256 வரை இரட்டிப்பு. அதன்பின் பழைய கொள்ளளவோடு 768-ஐக் கூட்டி, நான்கால் வகுத்து, வந்ததைப் பழையதோடு சேர்ப்பது. அளவு ஏற ஏறக் காரணி 2-இலிருந்து 1.25-ஐ நோக்கி வழுக்கி இறங்கும். 512-க்கு இந்தச் சூத்திரம் 832 தருகிறது, ஆனால் 8 பைட் உறுப்புகள் கொண்ட ஸ்லைஸ் 848 காட்டும். 832 × 8 = 6656 பைட். அலோகேட்டரிடம் அந்த அளவில் துண்டு இல்லை, அடுத்த துண்டு 6784 பைட். எப்படியும் அதைத்தான் கொடுக்கப்போகிறது என்பதால், மீதியையும் கொள்ளளவாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இந்தப் பழக்கம் எல்லோரும் காப்பியடிக்கத் தகுந்தது.

ரஸ்ட், இரட்டிப்பு. சி#-இன் லிஸ்ட்டும் 4-இல் தொடங்கி இரட்டிப்பு. இவற்றில் சொல்ல அதிகம் இல்லை.

என் பரிந்துரை: நீங்களே எழுதுவதானால் 1.5-இல் தொடங்குங்கள். சின்ன அளவுகளில் மட்டும் குறைந்தபட்சம் 4 அல்லது 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுவதற்குக் கணினி காரணம் காட்டட்டும், கருத்துமோதல் வேண்டாம்.

படி 5: 1.618 வாதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் முழுக்க நம்பாதீர்கள்

1.5-க்கு ஆதரவாக அடிக்கடி சொல்லப்படும் வாதம் இது. அரே வளரும்போது விட்டுச்சென்ற பழைய இடங்கள் மெமரியில் வரிசையாக ஒட்டிக்கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காலி இடத்தையெல்லாம் சேர்த்து அடுத்த வளர்ச்சிக்குப் பயன்படுத்த முடியுமா?

இரட்டிப்பில்: 16, 32, 64, 128. அடுத்து 256 வேண்டும். 128 இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது, ஏனென்றால் அதிலிருந்துதானே நகலெடுக்க வேண்டும். காலியானவை 16 + 32 + 64 = 112. எத்தனை முறை போனாலும் இந்தக் கூட்டுத்தொகை கையில் இருப்பதைவிடக்கூடச் சிறியதாகவே இருக்கும். அரே எப்போதும் முன்னே நகர்ந்துகொண்டே போகும்.

1.5-இல்: 16, 24, 36, 54, 81. அடுத்து 121 வேண்டும். காலியானவை 16 + 24 + 36 + 54 = 130. இடம் போதும்! அரே தன் பழைய இடத்துக்கே திரும்பலாம்.

எல்லைக்கோடு எங்கே? கையில் உள்ள இடத்தைக் காரணியால் பெருக்கினால் வருவது தேவை. அதே இடத்தை, காரணியில் ஒன்று குறைத்து வகுத்தால் வருவது, நீண்ட காலத்தில் காலியாகக் கிடப்பது. இரண்டும் சமமாகும் காரணி 1.618, அதாவது பொன் விகிதம். அதற்குக் கீழே இருந்தால் பழைய இடம் பயன்படும். ஃபேஸ்புக்கின் ஃபாலி லைப்ரரியில் உள்ள வெக்டர் இந்த வாதத்தை முன்வைத்தே 1.5-ஐ எடுத்தது.

கணக்கு அழகு. மெமரி அப்படி நடந்துகொள்ளுமா என்பதுதான் சந்தேகம். இந்த அரேக்கு நடுவே வேறு யாரும் மெமரி கேட்கக்கூடாது. கேட்டால் ஒட்டிக்கிடக்கும் காலியிடம் துண்டாகிவிடும். ஜெமல்லாக் போன்ற அலோகேட்டர்கள் அளவு வாரியாகத் தனித்தனித் துண்டுகள் வைத்திருக்கின்றன. 1024-க்கும் 2048-க்கும் இடையே 1280, 1536, 1792 என்று மூன்று அளவு. சின்னத் துண்டுகளைக் கோத்துப் பெரிய துண்டு ஆக்கும் பேச்சு அந்த அளவுகளில் இல்லை. லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியில் தொடக்க அமைப்பின்படி 128 கிலோபைட்டைத் தாண்டும் கோரிக்கை நேராக இயக்க முறைமையிடம் போகும், விடுவித்தால் அதனிடமே திரும்பும். எனவே இந்த வாதம் முழுமையாகப் பொருந்துவது எளிய அலோகேட்டர்களில்: மைக்ரோகன்ட்ரோலர், நீங்களே எழுதிய கேம் இன்ஜின் ஹீப் போன்ற இடங்களில்.

இதைவிடப் பொருட்படுத்த வேண்டியது உச்ச நேர மெமரி. வளரும் கணத்தில் பழையதும் புதியதும் சேர்ந்தே இருக்கும். 400 மெகாபைட் அரே இரட்டிப்பானால் 1200, 1.5 ஆனால் 1000. இங்கும் ஒரு நுணுக்கம். லினக்ஸில் தொடாத பக்கங்களுக்கு (மெமரியைப் பிரித்துத் தரும் சிறு துண்டுகளுக்கு) உண்மையான மெமரி ஒதுக்கப்படாது. ஆகவே இரட்டிப்பானாலும் உண்மையில் தொட்டது 400 + 400 = 800தான். விண்டோஸில் கேட்டதெல்லாம் உடனே வரம்புக்கணக்கில் ஏறும். ஒரே நிரல் ஓரிடத்தில் ஓடி, இன்னோரிடத்தில் மெமரி இல்லை என்று விழுவதற்கு இது ஒரு காரணம்.

படி 6: "வளர்" ஃபங்ஷனைப் பொறிகள் தெரிந்து எழுதுங்கள்

```
வளர்(அரே, குறைந்தது):
    அதிகபட்சம் ← பைட் வரம்பு ÷ ஓர் உறுப்பின் பைட்
    குறைந்தது > அதிகபட்சம் என்றால் பிழை

    பழையது ← அரே.கொள்ளளவு
    கூடுதல் ← பழையது ÷ 2   (மீதியை விடுக)
    பழையது > அதிகபட்சம் − கூடுதல் என்றால்
        புதியது ← அதிகபட்சம்
    இல்லையென்றால்
        புதியது ← பழையது + கூடுதல்
    புதியது ← புதியது, குறைந்தது, 4 ஆகியவற்றில் பெரியது

    புதுஇடம் ← மெமரி கேள்(புதியது × ஓர் உறுப்பின் பைட்)
    கிடைக்கவில்லை என்றால் பிழை; அரேயைத் தொடாதே
    பழைய உறுப்புகளைப் புதுஇடத்துக்கு மாற்று
    பழைய இடத்தை விடுவி
    அரே.இடம் ← புதுஇடம்
    அரே.கொள்ளளவு ← புதியது
```

பாதி வரி காரணி, மீதியெல்லாம் காவல். ஒவ்வொன்றுக்கும் கதை உண்டு.

"குறைந்தது" ஏன்? கொள்ளளவு 0 என்றால் 0-இன் ஒன்றரை மடங்கும் 0, இரு மடங்கும் 0. கொள்ளளவு 1 என்றால் முழு எண் கணக்கில் 1 + 0 = 1. அரே வளர்ந்ததாக நினைத்துக்கொண்டு வெளியே எழுதும். மைக்ரோசாஃப்ட் வரிசை 1-இலிருந்து 2-க்குப் போனது இந்தக் காவலால்தான். 4 என்ற கீழ்வரம்பு சின்ன உறுப்புகளுக்கு. ஓர் உறுப்பே சில கிலோபைட் என்றால் 1 போதும். ரஸ்ட் இப்படித்தான் செய்கிறது: ஒரு பைட் உறுப்புக்கு 8, 1024 பைட் வரை 4, அதற்கு மேல் 1.

"அதிகபட்சம்" ஏன்? 32 பிட் கணினியில் 16 பைட் உறுப்பு, கொள்ளளவு 26,84,35,456 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பெருக்கினால் சரியாக 2-இன் 32-ஆம் அடுக்கு, 32 பிட்டில் அது 0. நீங்கள் கேட்டது 4 ஜிகாபைட், அலோகேட்டர் காதில் விழுந்தது 0 பைட். அது சந்தோஷமாக ஏதோ ஒரு பாயின்டரைக் கொடுக்கும், அதன்பின் எழுதுவதெல்லாம் அடுத்தவர் மெமரி. பாதுகாப்பு ஓட்டைகளில் இது பழைய, இன்னும் சாகாத வகை. பெருக்கிப் பார்த்துவிட்டுச் சோதிக்காதீர்கள். வகுத்துச் சோதித்துவிட்டுப் பெருக்குங்கள். சி மொழியில் ஓபன்பிஎஸ்டி கொண்டுவந்த ரீயல்லாக்-அரே இந்தச் சோதனையைத் தானே செய்துகொள்ளும். இப்போது ஜிலிப்சியிலும் இருக்கிறது.

"அரேயைத் தொடாதே" ஏன்? ரீயல்லாக் தோற்றால் வெற்றுப் பாயின்டரைத் திருப்பும், பழைய இடம் அப்படியே உயிரோடு இருக்கும். விடையை நேராகப் பழைய பாயின்டரிலேயே வாங்கினால் இருந்ததையும் தொலைத்தோம். தனி மாறியில் வாங்கிச் சோதித்துவிட்டு மாற்றுங்கள்.

அடுத்தது நிரலில் தெரியாத பொறி. அரேயின் முதல் உறுப்பையே மறுபடி கடைசியில் சேர்க்கிறீர்கள், மதிப்பைக் கொடுக்காமல் அதன் முகவரியைக் கொடுக்கிறீர்கள். அரே நிரம்பியிருந்தால் "வளர்" ஓடும், பழைய இடம் விடுவிக்கப்படும், கையில் உள்ள முகவரி செத்துப்போகும். அதன்பின் அங்கிருந்து வாசிப்பது குப்பை. ஜிசிசியின் வெக்டர் புது உறுப்பை முதலில் புது இடத்தில் வைத்துவிட்டு, பிறகே பழையவற்றை நகர்த்துகிறது. இந்தக் காரணத்தினாலேயே, வளரக்கூடிய அரேக்குள் இருக்கும் உறுப்பின் முகவரியை யாரிடமும் நீண்ட நாள் கொடுத்து வைக்கக்கூடாது. வரிசை எண்ணைக் கொடுங்கள், அது மாறாது.

கடைசியாக, "மாற்று" என்ற ஒரு சொல்லுக்குள் எவ்வளவு செலவு ஒளிந்திருக்கிறது! எண்கள் என்றால் பைட்டுகளை அப்படியே தூக்கிப்போடலாம். சி++-இல் ஸ்ட்ரிங் போன்ற பொருள்கள் என்றால் அவற்றின் மூவ் கன்ஸ்ட்ரக்டர் (உள்ளடக்கத்தை நகலெடுக்காமல் கைமாற்றும் ஃபங்ஷன்) ஓடும். நீங்கள் எழுதிய வகைக்கு மூவ் கன்ஸ்ட்ரக்டரில் நோ-எக்செப்ட் (இதில் பிழை எழாது) என்று குறிக்காவிட்டால், காப்பி கன்ஸ்ட்ரக்டர் இருக்கும்வரை வெக்டர் மூவ் செய்யத் துணியாது. நடுவில் பிழை வந்தால் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமே! ஒவ்வொன்றையும் முழுசாகக் காப்பி எடுக்கும். காரணியை 2-இலிருந்து 1.5 ஆக்கி அடையும் லாபமெல்லாம் இந்த ஒரு சொல்லின் முன் தூசு.

படி 7: அளவு தெரிந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்

கோப்பில் எத்தனை வரி, கேள்விக்கு எத்தனை விடை என்று தெரிந்திருந்தால் தொடக்கத்திலேயே அவ்வளவு இடம் கேளுங்கள். சி++, ரஸ்ட் இரண்டிலும் ரிசர்வ், ஜாவாவில் அரேலிஸ்ட் உருவாக்கும்போது கொடுக்கும் எண், கோ மொழியில் மேக்-இன் மூன்றாவது உள்ளீடு. வளர்ச்சியே இல்லாத அரேதான் வேகமான அரே.

ஆனால் ரிசர்வை லூப்புக்குள் வைத்தால் கதை தலைகீழ். பத்துப் பத்தாக 1000 தொகுதி வருகிறது, ஒவ்வொன்றுக்கும் முன்னால் "இருக்கும் நீளம் + 10" என்று ரிசர்வ் செய்கிறார் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான். ஜிசிசியின் வெக்டர் கேட்டதைக் கச்சிதமாகக் கொடுக்கும். விளைவு, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு முழு நகல். 10,000 உறுப்புக்கு 49,95,000. ரிசர்வே இல்லாமல் விட்டிருந்தால் 16,383. படி 2-இல் துரத்திய பேய் கொல்லைப்புறமாக வந்துவிட்டது. ரஸ்ட் இதற்காகவே இரண்டு பெயர் வைத்திருக்கிறது: சாதாரண ரிசர்வ் வளர்ச்சிக் காரணியை மதிக்கும், கச்சிதமாக வேண்டுமென்றால் ரிசர்வ்-எக்ஸாக்ட் என்று தனியாகக் கேட்க வேண்டும். உங்கள் லைப்ரரியிலும் இப்படியே இரண்டு வையுங்கள்.

தமிழ் உரையைக் கையாளும்போது இந்த முன்கணிப்பு இன்னொரு விதத்தில் தவறும். "தமிழ்" என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து குறியீடு, யுடிஎஃப்-8-இல் 15 பைட். எழுத்துக்கு ஒரு பைட் என்று எண்ணி ரிசர்வ் செய்த பஃபர் நடுவழியில் இரண்டு மூன்று முறை வளரும். யூனிகோடு குறியீடுகளின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கிக் கேளுங்கள். ஜாவாவின் ஸ்ட்ரிங்பில்டரில் வேறு கூத்து. ஜாவா 9 முதல் அது எழுத்துக்கு ஒரு பைட் வீதம் தொடங்கும். முதல் தமிழ் எழுத்து உள்ளே வந்ததும், சேர்ந்திருப்பது அத்தனையையும் இரண்டு பைட் வடிவுக்கு மாற்றி எழுதும். கொள்ளளவு நிரம்பாமலேயே ஒரு முழு நகல்.

படி 8: சுருக்குவதில் அவசரம் வேண்டாம்

பாதி காலியானதும் பாதியாகச் சுருக்குவது நியாயமாகத் தோன்றும். கொள்ளளவு 1024, நிரம்பியிருக்கிறது. ஒன்று சேர்த்தால் 2048 ஆகும், 1024 நகல். அதையே எடுத்தால் பாதிக்கு வந்துவிட்டது, சுருக்கு. மறுபடி 1024 நகல். மறுபடி சேர், மறுபடி எடு. எல்லைக்கோட்டில் ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஆயிரம் நகல்.

மருந்து எளிது. நிரம்பினால் இரட்டிப்பாக்குங்கள், கால் பங்குக்கு இறங்கினால் மட்டும் பாதியாகச் சுருக்குங்கள். சுருங்கிய பிறகும் பாதி காலி இருப்பதால் அடுத்த வளர்ச்சியோ சுருக்கமோ தொலைவில் இருக்கும்.

நடைமுறையில் பலரும் தானாகச் சுருக்குவதே இல்லை. சி++ வெக்டரில் எல்லாவற்றையும் அழித்தாலும் கொள்ளளவு அப்படியே இருக்கும், ஜாவா அரேலிஸ்ட்டும் அப்படித்தான். பைத்தான் மட்டும் நீளம் கொள்ளளவில் பாதிக்குக் கீழ் போனால் மெமரியைத் திருப்புகிறது. தானாகச் சுருக்காதது பெரும்பாலும் சரியே, ஒருமுறை நிரம்பியது மறுபடி நிரம்பும். பிரச்சினை சர்வர்களில் வரும்: பஃபரை மறுபடி மறுபடி பயன்படுத்துகிறோம், என்றோ வந்த ஒரு பெரிய கோரிக்கைக்கு அது பல மெகாபைட் ஊதி, அப்படியே நாள் கணக்கில் உட்கார்ந்திருக்கும். கோ மொழியின் ஃபம்ட் தொகுப்பு இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது: பயன்படுத்திய பஃபர் 64 கிலோபைட்டுக்கு மேல் வளர்ந்திருந்தால் அதை மறுபயன்பாட்டுக்கு எடுத்துவைக்காமல் விட்டுவிடும்.

படி 9: ஒரு தாமதமும் தாங்காத இடத்தில்

1 கோடி உறுப்பு, ஒவ்வொன்றும் 8 பைட்: 80 மெகாபைட். நொடிக்கு 10 ஜிகாபைட் வேகத்தில் நகல் நடந்தால் 8 மில்லி நொடி. புது இடத்தின் 4 கிலோபைட் பக்கங்களில் சுமார் 19,500-ஐ முதல்முறையாகத் தொடும் செலவு அதற்கு மேல். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் விளையாட்டில் ஒரு ஃபிரேமுக்கு 16.6 மில்லி நொடிதான். சராசரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த ஃபிரேம் தடுக்கும்.

ஒரு வழி, துண்டு துண்டாக வைப்பது. நிரம்பினால் புதுத் துண்டு ஒன்று. பழையது அசையாது, முகவரிகளும் சாகா. நகர்வது துண்டுகளின் முகவரிப் பட்டியல் மட்டும். சி++-இன் டெக் இந்த வகை, ஜிசிசியில் ஒரு துண்டு 512 பைட். விலை, ஒவ்வொரு முறை உறுப்பை எடுக்கும்போதும் ஒரு கூடுதல் தாவல். முழுத் தரவையும் ஒரே வீச்சில் பிற லைப்ரரிகளிடம் கொடுக்கவும் முடியாது. துண்டுகளின் அளவைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனால், வீணாகும் இடம் உறுப்பு எண்ணிக்கையின் வர்க்கமூல அளவிலேயே நிற்கும் என்று 1999-இல் பிரோட்னிக், கார்ல்சன், டெமைன், மன்ரோ, செட்ஜ்விக் ஐவரும் காட்டினார்கள்.

எனக்குப் பிடித்தது இன்னொரு வழி. 64 பிட் கணினியில் மெமரிதான் குறைவு, முகவரிகள் கொள்ளை கொள்ளையாக இருக்கின்றன. எக்ஸ்86-இல் ஒரு நிரலுக்கு வழக்கமாக 128 டெராபைட் முகவரி. எனவே தொடக்கத்திலேயே 64 ஜிகாபைட் முகவரியை மட்டும் பிடித்துவையுங்கள்: லினக்ஸில் எம்மேப் கொண்டு, அணுக அனுமதி இல்லாமல், விண்டோஸில் விர்ச்சுவல்-அல்லாக்கின் ரிசர்வ் முறையில். அரே வளர வளர அடுத்த பக்கங்களை மட்டும் திறந்துவிடுங்கள். நகல் கிடையாது, முகவரி மாறாது, காரணி என்ற கேள்வியே எழாது. இங்கே கூட்டல்கூடக் குற்றமில்லை, 64 கிலோபைட் வீதம் கூட்டிக்கொண்டே போகலாம். ஏற்கெனவே சாதாரண அரே வைத்திருப்பவர்களுக்கும் லினக்ஸில் இதன் பாதிப் பலன் இலவசம்: பெரிய இடங்களுக்கு ஜிலிப்சியின் ரீயல்லாக் எம்ரீமேப் வழியாகப் போய், பைட்டுகளைத் தொடாமல் பக்க அட்டவணையை மட்டும் மாற்றிவிடும். சி++ வெக்டருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, அது ரீயல்லாக்கைக் கூப்பிடுவதில்லை.

முகவரி பிடிக்கும் வழி 32 பிட்டில் எடுபடாது. ஆயிரக்கணக்கில் சின்ன அரேக்கள் உள்ள நிரலுக்கும் வேண்டாம், ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு 4 கிலோபைட் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். நிரலில் ஒன்றிரண்டே பெரிய அரேக்கள் இருந்து, அவை எவ்வளவு வளரும் என்று யாராலும் சொல்ல முடியாதபோது இதை எடுங்கள்.